காய்ச்சல் விட்ட பிறகு

டெங்கு வந்த குழந்தைக்குக் காய்ச்சல் விட்டதும் வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி வந்துவிடும். பாட்டி இட்லி ஊற்றச் சொல்வாள். அப்பா ஆபீஸுக்குக் கிளம்பிவிடுவார். குழந்தைகள் ஐசியூவில் வேலை பார்ப்பவர்களுக்கோ அந்த நேரத்தில்தான் கவனம் கூடும். காய்ச்சல் தொடங்கிய மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள், உடம்புச் சூடு இறங்குகிற அதே வேளையில், மிக நுண்ணிய ரத்தக் குழாய்களின் சுவர் கசியத் தொடங்கலாம். ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மா குழாயைவிட்டு வெளியேறி நெஞ்சுக்கூட்டிலும் வயிற்றிலும் தேங்கும். ஒரு சொட்டு ரத்தம்கூட வெளியே சிந்தியிருக்காது, ஆனால் குழாய்க்குள் ஓடுவது குறைந்துகொண்டே போகும். 24 முதல் 48 மணி நேரம் இந்தக் கசிவு நீடிக்கும். எல்லாக் குழந்தைக்கும் இப்படி ஆவதில்லை. யாருக்கு ஆகிறது என்று நேரத்தோடு கண்டுபிடிக்க வேண்டும்.

என் தங்கை மகள் நர்ஸிங் முடித்துக் குழந்தைகள் ஐசியூவில் சேர்ந்திருக்கிறாள். நான் அதே வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வந்தவள், டீயை வாங்கிக்கொண்டதும் ஆரம்பித்தாள்.

"பெரியம்மா, ஏழு வயசுப் பையன். டெங்கு. பிரஷர் நூறு இருந்துச்சு. நல்லாப் பேசிக்கிட்டுதான் இருந்தான். டாக்டர் வந்து காலைத் தொட்டுப் பாத்துட்டு உடனே ஷாக்னு எழுதிட்டாரு. எனக்குப் புரியவே இல்ல."

"மேல நூறு சரி, கீழ எவ்வளவு?"

கொஞ்சம் யோசித்துவிட்டு, "எண்பத்தஞ்சு" என்றாள்.

அந்த எண்பத்தைந்தில்தான் விஷயம் இருக்கிறது. அவளுக்குச் சொன்னதையே இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். பிள்ளை பெற்றவர்களும் தெரிந்துகொள்ள வேண்டியது இதில் நிறைய உண்டு.

பிரஷரில் மேலே காட்டும் எண், இதயம் சுருங்கி ரத்தத்தைத் தள்ளும்போது குழாயில் ஏற்படும் அழுத்தம். கீழே காட்டுவது, இதயம் விரிந்து ஓய்வெடுக்கும்போது குழாயில் எஞ்சி நிற்கும் அழுத்தம். குழாய்கள் எவ்வளவு இறுகியிருக்கின்றன என்பதைப் பெரும்பாலும் கீழ் எண்தான் சொல்லும். இரண்டுக்கும் இடையே சாதாரணமாக 30, 40 இருக்க வேண்டும். இந்தப் பையனுக்கு இருந்தது 15. டெங்கு வந்த குழந்தைக்கு அந்த இடைவெளி 20 அல்லது அதற்குக் கீழே வந்தால், மேல் எண் எவ்வளவு நன்றாக இருந்தாலும் ஷாக் என்றே உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டி சொல்கிறது. உறுப்புகளுக்கு வேண்டிய அளவு ரத்தம் போய்ச் சேராத நிலையைத்தான் மருத்துவத்தில் ஷாக் என்கிறோம்.

ரத்தம் குறைந்தும் பிரஷர் எப்படி நிற்கிறது? குழந்தையின் உடம்பு அதை விட்டுக்கொடுக்காமல் பிடித்து வைக்கிறது. வருமானம் நின்றுபோன வீட்டில் அடுப்படியில் சிக்கனம் பிடித்து, வாசலில் மட்டும் கோலமும் வெள்ளையுமாக வைத்திருப்பார்களே, அப்படி. தோலுக்கும் கை காலுக்கும் குடலுக்கும் போகிற குழாய்களை இறுக்கி, மூளைக்கும் இதயத்துக்கும் போவதை மட்டும் காப்பாற்றிக்கொள்ளும். குழாய் இறுகுவதால்தான் கீழ் எண் மேலே ஏறுகிறது. இதயமும் வேகமாக அடிக்கத் தொடங்கும். சின்னக் குழந்தையின் இதயத்தால் ஒவ்வொரு துடிப்பிலும் தள்ளும் ரத்தத்தை அதிகம் கூட்ட முடியாது. துடிப்பின் எண்ணிக்கையைத்தான் கூட்ட முடியும். அதனால் பல்ஸ் ஏறுவது முதலில் தெரியும், பிரஷர் விழுவது கடைசியில்தான் தெரியும். ஒரு வயதிலிருந்து பத்து வயதுவரை, வயதை இரண்டால் பெருக்கி எழுபதைக் கூட்டினால் மேல் பிரஷரின் கடைசி வரம்பு கிடைக்கும். ஏழு வயதுக்கு 84. ஆனால் 84-ஐத் தொடும்வரை காத்திருந்தோமானால் நேரத்தைக் கோட்டைவிட்டோம் என்று அர்த்தம். அதற்குப் பிறகு படிப்படியாக இறங்காது, ஒரேயடியாகச் சரியும்.

குழந்தையிடம் இருக்கும் ரத்தத்தின் அளவையும் நினைத்துப் பார்க்க வேண்டும். கிலோவுக்குச் சுமார் 80 மி.லி. என்பது கணக்கு. மூன்று கிலோ எடையுள்ள பச்சிளம் குழந்தைக்கு மொத்தமே கால் லிட்டருக்கும் குறைவு. பரிசோதனைக்கு எடுக்கிற ரத்தத்தைக்கூட மில்லிக் கணக்கில் எழுதி வைப்பது இதனால்தான்.

"அப்ப மானிட்டரைப் பாக்க வேண்டாமா பெரியம்மா?"

"பாக்கணும் கண்ணு. ஆனா முதல்ல காலைத் தொடணும்."

புறங்கையைக் குழந்தையின் பாதத்தில் வைத்து மெல்ல மேலே நகர்த்திக்கொண்டு போக வேண்டும். எந்த இடத்தில் குளிர்ச்சி முடிந்து வெதுவெதுப்புத் தொடங்குகிறது என்று பார்க்க வேண்டும். கணுக்காலா, கெண்டைக்காலா, முழங்காலா? அதைச் சார்ட்டில் எழுத வேண்டும். ஒரு மணி நேரம் கழித்து அந்தக் கோடு மேலே ஏறியிருந்தால் குழந்தை மோசமாகிறது, கீழே இறங்கியிருந்தால் தேறுகிறது. செலவே இல்லாத இந்தச் சோதனையை நான் பெரிதும் நம்புகிறேன். வயிறு சூடாகவும் பாதம் ஜில்லென்றும் இருந்தால், போர்வையைப் போர்த்திவிட்டுப் போய்விடக் கூடாது, யாரையாவது கூப்பிட வேண்டும். ஏசி அறையில் எல்லோருக்கும் கால் ஜில்லிடத்தான் செய்யும். அதனால்தான் இதை மட்டும் வைத்து முடிவு செய்வதில்லை.

அடுத்தது விரல் நுனி. கையை நெஞ்சு மட்டத்துக்குத் தூக்கிப் பிடித்து, ஐந்து நொடி அழுத்திவிட்டு விட வேண்டும். வெளுத்த இடம் இரண்டு நொடிக்குள் பழைய நிறத்துக்குத் திரும்ப வேண்டும். நான்கு, ஐந்து நொடி எடுத்தால் தோலுக்கு ரத்தம் வரவில்லை. பிறகு பாதத்தின் மேற்புறத்தில் நாடி கிடைக்கிறதா, தொடை இடுக்கில் எப்படி இருக்கிறது என்று இரண்டையும் ஒப்பிட வேண்டும். தொடையில் நன்றாகத் துள்ளி, பாதத்தில் நூலாக ஓடினால் உடம்பு மிச்சம் பிடிக்க ஆரம்பித்துவிட்டது.

இன்னொன்றையும் புதிதாகச் சேருகிற பெண்களிடம் சொல்வேன். ஆக்ஸிஜன் அளவைக் காட்டும் கிளிப்பை விரலில் மாட்டுகிறோம். எண் வரவில்லை. உடனே கிளிப் பழுது என்று வேறு மாட்டுகிறோம், இந்த விரல் இல்லையென்றால் அந்த விரல். அந்தக் கருவி, விரலுக்குள் துடித்து ஓடும் ரத்தத்தில் ஒளியைச் செலுத்திக் கணக்கிடுவது. துடிப்பு வலுவாக இல்லாவிட்டால் அதற்குப் பிடிபடாது. எண் வராததே ஒரு தகவலாக இருக்கலாம். கிளிப்பை மாற்றலாம், தப்பில்லை, அதற்கு முன் அந்த விரலைத் தொட்டுப் பார்க்க வேண்டும்.

பையன் நன்றாகப் பேசிக்கொண்டிருந்தான் என்றாளே, அதுதான் டெங்கு ஷாக்கில் மிக அதிகம் ஏமாற்றுவது. மூளைக்கு ரத்தம் கடைசிவரை போய்க்கொண்டிருப்பதால் குழந்தை தெளிவாக இருக்கும். பெயரைச் சொல்லும், கார்ட்டூன் கேட்கும், தண்ணீர் கேட்கும். தள்ளி நின்று பார்ப்பவருக்குத் தேறிவிட்டதாகவே தோன்றும். மற்ற நோய்களில், கிருமித் தொற்று ரத்தத்தில் பரவும்போது, குழந்தையின் முகமே முதலில் காட்டிக்கொடுக்கும். அம்மா முகத்தைப் பார்க்காது, பொம்மைக்குக் கை நீட்டாது, தூக்கினால் துவண்டு தொங்கும். ஊசி போட்டு டிரிப் ஏற்றும்போது கொஞ்சமும் அழாமல் கிடந்த குழந்தையை "சமத்துப் பிள்ளை" என்று யாராவது சொன்னால் எனக்கு வயிற்றைக் கலக்கும். இரண்டு வயதுப் பிள்ளை ஊசிக்கு அழ வேண்டும், கையை உதற வேண்டும், நம்மைக் கண்டால் பயப்பட வேண்டும்.

டெங்குவைப் பற்றி இவ்வளவு நுணுக்கமாக நமக்குத் தெரிவதற்குத் தாய்லாந்துக்காரர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். 1958-இல் பாங்காக்கில் இந்த நோய் குழந்தைகளிடையே பெரிதாகப் பரவியது. அங்குள்ள குழந்தைகள் மருத்துவமனையில் பணியாற்றிய டாக்டர் சுசித்ரா நிம்மானித்யா பல ஆண்டுகள் படுக்கை படுக்கையாகக் கவனித்து, எந்த நாளில் என்ன நடக்கிறது, எந்த அறிகுறிக்குப் பின் எது வருகிறது என்று வகைப்படுத்தினார். உலக சுகாதார நிறுவனத்தின் டெங்கு வழிகாட்டிகள் அந்தக் கவனிப்பின் மேல் எழுந்தவை. இந்த நோயின் வைரஸை நேராகக் கொல்லும் மருந்து இன்றும் வழக்கத்தில் இல்லை. சரியான நேரத்தில் சரியான அளவு சலைன் ஏற்றுவதும், சரியான நேரத்தில் நிறுத்துவதும்தான் வைத்தியம். அதனால் கவனிப்புத்தான் இங்கே மருந்தின் அளவைத் தீர்மானிக்கிறது.

நிறுத்துவது என்று சொன்னேன். அதைப் பற்றித்தான் அவள் அதிகம் கேட்டாள். ஷாக் என்றால் வேகவேகமாகச் சலைன் ஏற்ற வேண்டும் என்றுதானே படித்தோம் என்றாள். 2011-இல் ஃபீஸ்ட் என்ற ஆய்வின் முடிவு வெளியானது. உகாண்டா, கென்யா, தான்சானியா ஆகிய மூன்று நாடுகளில், கடும் காய்ச்சலோடும் ரத்த ஓட்டம் குன்றிய அடையாளங்களோடும் வந்த 3141 குழந்தைகள். சிலருக்குச் சலைனோ ஆல்புமினோ வேகமாக ஏற்றப்பட்டது, மற்றவர்களுக்கு வழக்கமான மெதுவான டிரிப் மட்டும். வேகமாக ஏற்றிய குழந்தைகளில் 48 மணி நேரத்துக்குள் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் இறந்தார்கள். மெதுவான டிரிப் மட்டும் பெற்றவர்களில் ஏழு பேருக்குச் சற்று மேல். உலகம் முழுவதும் குழந்தை மருத்துவர்களை உலுக்கிய முடிவு அது. அந்தக் குழந்தைகளில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு மலேரியா இருந்தது, பலருக்குக் கடும் ரத்தசோகை. வெண்டிலேட்டர் வசதி இல்லாத மருத்துவமனைகள். ஆகவே நம் ஊர் ஐசியூவில் கிடக்கும் டெங்குக் குழந்தைக்கு அதை அப்படியே பொருத்தக் கூடாது. டெங்கு ஷாக்குக்குச் சலைன் வேண்டும். ஆனால் அந்த ஆய்வுக்குப் பிறகு, ஏற்றிவிட்டு அடுத்த வேலைக்குப் போகிற பழக்கத்துக்கு எந்த நியாயமும் இல்லை என்பது என் உறுதியான கருத்து.

ஏற்றிய பிறகு என்ன பார்ப்பது? வயிற்றின் வலது பக்கம் விலா எலும்புக்குக் கீழே விரலை வைத்து ஈரலின் விளிம்பைத் தேட வேண்டும். ஏற்றுவதற்கு முன் எத்தனை விரல் கீழே இருந்தது, இப்போது எத்தனை என்று பார்க்க வேண்டும். இதயம் தாங்க முடியாத அளவுக்கு நீர் சேர்ந்தால் ஈரல் வீங்கிக் கீழே இறங்கும். நுரையீரலின் அடிப்பகுதியில் ஸ்டெதாஸ்கோப் வைத்தால் நறநறவென்று ஒலி கேட்கும். சிறுநீர் கிலோவுக்கு மணிக்கு ஒரு மில்லி அளவுக்காவது வருகிறதா என்று கணக்கு வைக்க வேண்டும். கைக்குழந்தையாக இருந்தால் நாப்கினை எடைபோட்டு, காய்ந்த நாப்கினின் எடையைக் கழித்து எழுதுவோம். டெங்குவில் இன்னொரு சிக்கலும் உண்டு. கசிவு நின்றதும், வெளியேறிய பிளாஸ்மா தானாகவே குழாய்க்குள் திரும்பி வரும். அந்த நேரத்திலும் டிரிப் ஓடிக்கொண்டிருந்தால் நுரையீரலில் நீர் கோக்கும். ஷாக்கிலிருந்து மீண்ட குழந்தை அதற்குப் பிறகு மூச்சுத் திணறுவது இதனால்தான்.

இந்த இடத்தில் பிசிவியைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு எவ்வளவு என்பதைக் காட்டும் எண் அது. பிளாஸ்மா கசிந்தால் ரத்தம் கெட்டியாகி, பிசிவி ஏறும். 38 இருந்தது 46 ஆனால் கசிவு நடக்கிறது. சலைன் ஏற்றிய பின் 46-லிருந்து 36-க்கு வந்தால் சந்தோஷப்படலாமா? கால் சூடாகி, பல்ஸ் இறங்கி, சிறுநீரும் வந்தால் சந்தோஷப்படலாம். கால் இன்னும் ஜில்லென்று இருந்து, பல்ஸ் 150-இல் ஓடி, பிசிவி மட்டும் 36 ஆகியிருந்தால் வயிற்றுக்குள் எங்கோ ரத்தம் கசிகிறது. அந்தக் குழந்தைக்கு இனி சலைன் போதாது, ரத்தம் வேண்டும். எண் ஒன்றுதான், ஒரு குழந்தைக்கு அது நல்ல செய்தி, இன்னொரு குழந்தைக்கு அபாயம்.

காய்ச்சல் இறங்குவதும் அப்படித்தான். பல்ஸ் இறங்குவதும் அப்படித்தான். 160-இல் ஓடிய பல்ஸ் 120 ஆனால் தேறுகிறது என்று எழுதத் தோன்றும். ஆக்ஸிஜன் போதாமல் களைத்துப்போன குழந்தைக்கும் இதயத்துடிப்பு இறங்கும், அது நின்றுபோவதற்கு முந்தைய கட்டம்.

மூச்சை எண்ணுவது பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அவசரத்தில் பதினைந்து நொடி எண்ணி நாலால் பெருக்குகிறார்கள். கைக்குழந்தையின் மூச்சு ஒரே சீராக ஓடாது, முழு ஒரு நிமிடம் எண்ண வேண்டும். இரண்டு மாதத்துக்குள் இருக்கும் குழந்தைக்கு 60, ஒரு வயது வரை 50, ஐந்து வயது வரை 40, இதைத் தொட்டாலோ தாண்டினாலோ வேக மூச்சு. வீட்டிலிருக்கும் அம்மாவும் இதை எண்ணலாம், குழந்தை அழாமல் இருக்கும்போது சட்டையைத் தூக்கிவிட்டு எண்ண வேண்டும். எண்ணுகிறபோதே நெஞ்சைப் பார்க்கலாம். விலாவுக்குக் கீழே உள்ளே குழிகிறதா, மூக்குத் துவாரம் விரிகிறதா, ஒவ்வொரு மூச்சுக்கும் தலை ஆடுகிறதா? ஒவ்வொரு மூச்சு விடும்போதும் "ம்ம்" என்று ஒரு முனகல் வந்தால், வலியில் முனகுகிறது என்று விட்டுவிடக் கூடாது. நுரையீரலின் சின்ன அறைகள் மூடிக்கொள்ளாமல் இருக்கத் தொண்டையைப் பாதி அடைத்து மூச்சு விடுகிறது குழந்தை. நெஞ்சில் எந்தச் சிரமமும் தெரியாமல் மூச்சு மட்டும் வேகமாக ஓடினால் அது வேறு கதை. நுரையீரலைவிட்டு ரத்த ஓட்டத்தையும் சுகரையும் பார்க்க வேண்டும். ஷாக்கிலும், சர்க்கரை நோய் முற்றிய நிலையிலும் ரத்தத்தில் சேரும் அமிலத்தை வெளியேற்ற உடம்பு இப்படிச் செய்யும்.

மருந்தின் அளவையும் எடையையும் பற்றி அவளுக்கு அதிகம் சொல்லவில்லை, அவளுக்கே நன்றாகத் தெரிகிறது. அமெரிக்காவில் குழந்தையின் உயரத்தை அளந்தே எடையைக் கணிக்க ப்ரோஸ்லோ என்ற வண்ணப்பட்டை நாடாவைப் பயன்படுத்துகிறார்கள். இந்தியக் குழந்தைகளிடம் சோதித்தபோது சற்று வளர்ந்த பிள்ளைகளுக்கு அது எடையைக் கூட்டிக் காட்டியது, நம் பிள்ளைகள் ஒல்லி. முடிந்தவரை தராசில் போட வேண்டும். புள்ளி ஓரிடம் தள்ளிப்போனால் மருந்து பத்து மடங்காகிவிடும் என்பதால் இன்னொரு சிஸ்டரைக் கூப்பிட்டுச் சரிபார்க்கச் சொல்லக் கூச்சப்படக் கூடாது.

பிறகு அம்மாக்கள். இங்கிலாந்தில் 2021-இல் மார்த்தா மில்ஸ் என்ற 13 வயதுப் பெண் சைக்கிளில் விழுந்து கணையத்தில் அடிபட்டு, பின்னர் வந்த கிருமித் தொற்றில் இறந்துபோனாள். பெற்றோர் தங்கள் கவலையைத் திரும்பத் திரும்பச் சொல்லியும் உரிய கவனம் கிடைக்கவில்லை. நேரத்தோடு தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றியிருந்தால் பெரும்பாலும் பிழைத்திருப்பாள் என்று மரண விசாரணையில் தெரிந்தது. அவள் பெயரால் அங்கே 2024 முதல் மார்த்தா விதி என்ற ஏற்பாடு நடைமுறைக்கு வந்தது. பிள்ளை மோசமாகிறது என்று பெற்றோருக்குத் தோன்றினால், வேறொரு மருத்துவக் குழுவை உடனே வந்து பார்க்கச் சொல்ல அவர்களுக்கு உரிமை உண்டு. நம் ஊரில் அப்படியொரு சுவரொட்டியை வார்டு வாசலில் ஒட்டும் நாள் வர வேண்டும் என்று உண்மையாகவே ஆசைப்படுகிறேன். "இவன் இப்படி இருக்க மாட்டான் சிஸ்டர்" என்று ஓர் அம்மா சொன்னால், அந்தக் குழந்தை நலமாக இருந்தபோது எப்படி இருக்கும் என்பது அந்த அறையில் அவளுக்கு மட்டும்தான் தெரியும். அந்த வார்த்தையை நேரத்தோடு சேர்த்துச் சார்ட்டில் எழுத வேண்டும்.

இரண்டாவது டீ வந்தபோது அவள் கேட்டாள். "இதெல்லாம் சரி பெரியம்மா. ராத்திரி ரெண்டு மணிக்கு டியூட்டி டாக்டருக்கு ஃபோன் பண்ணி என்னன்னு சொல்றது? குழந்தை டல்லா இருக்குன்னு சொன்னா, காலையில பாக்கலாங்கிறாங்க."

"டல்லா இருக்குன்னு சொல்லாத. முன்னாடி எவ்வளவு, இப்ப எவ்வளவுன்னு சொல்லு" என்றேன். உதாரணத்துக்கு ஒரு குழந்தையைச் சொல்லச் சொன்னேன். மழைக்காலத்தில் அவள் வார்டில் நிறைந்துகிடக்கும் சளி மூச்சுத்திணறல் குழந்தைகளில் ஒன்றை எடுத்துக்கொண்டோம். நான் திருத்தத் திருத்த அவள் சொன்னது இது:

"சார், அஞ்சு மாசக் குழந்தை, ஆறு கிலோ. பிராங்கியோலைட்டிஸ், மூணாம் நாள். பத்து மணிக்கு மூச்சு 72, இப்ப 34. பல்ஸ் 176 இருந்தது 128 ஆயிருக்கு. இழுப்பு குறைஞ்ச மாதிரி தெரியுது, ஆனா ரெண்டு பக்கமும் காத்து போற சத்தம் குறைவு. ஆக்ஸிஜன் வச்சும் 90தான் காட்டுது. ஊசி போட்டா முகத்தைச் சுளிக்குது, அழல. எட்டு மணியிலிருந்து பால் குடிக்கல. மூச்சு தேறி இறங்கல சார், களைச்சுப்போய் இறங்குது. நீங்க இப்பவே வரணும்."

இப்படிச் சொன்னால் படுக்கையில் படுத்திருக்கும் எந்த டாக்டரும் எழுந்து வருவார். அவர் மாடியேறி வருவதற்குள் செய்ய வேண்டியதையும் சொன்னேன். குழந்தையை விட்டு நகரக் கூடாது. மூக்கில் அடைத்திருக்கும் சளியை உறிஞ்சி எடுத்து, தோளுக்கு அடியில் சின்னத் துணிச்சுருள் வைத்துக் கழுத்தை நேராக்க வேண்டும். பேக் மாஸ்க்கை ஆக்ஸிஜனோடு பொருத்தி, அந்தக் குழந்தையின் முகத்துக்குச் சரியான அளவு மாஸ்க்தானா என்று வைத்துப் பார்த்துக் கையில் தயாராகப் பிடித்திருக்க வேண்டும். பக்கத்துக் கட்டில் சிஸ்டரைக் கூப்பிட்டுச் சுகர் பார்க்கச் சொல்ல வேண்டும், ஆறு மணி நேரம் பால் குடிக்காத குழந்தை அது. சார்ட்டில் எழுதுவதெல்லாம் டாக்டர் வந்த பிறகு.